கைவிடப்படப் போகும் ரயில் பாதை: அதன் நிலத்தை மதிப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு மைல் நீளம், நூறு அடி அகலம். கணக்குப் போட்டால் 12.12 ஏக்கர். பத்து மைல் பாதை என்றால் 121 ஏக்கருக்குச் சற்று மேல். சுற்றுவட்டாரத்தில் ஏக்கர் 9,000 டாலருக்குப் போகிறது; பெருக்கினால் விலை வந்துவிடும். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் கிராமப்புற ரயில் பாதை ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுக்கும் மதிப்பீட்டாளர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார். பெருக்கலில் பிழை இல்லை. அந்த 121 ஏக்கரில் விற்கும் உரிமை ரயில் நிறுவனத்துக்கு எத்தனை ஏக்கரில் இருக்கிறது என்ற கேள்விதான் விடுபட்டுப் போகிறது.

1916-ஆம் ஆண்டளவில் அமெரிக்க ரயில் பாதைகளின் நீளம் சுமார் 2,54,000 மைல். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 1,40,000. லாரியும் நெடுஞ்சாலையும் சரக்கை இழுத்துக்கொண்டன. ராக் ஐலண்ட் நிறுவனம் 1980-இல் மொத்தமாக மூடப்பட்டது. மில்வாக்கி ரோடு நிறுவனம் அதே ஆண்டில் மொன்டானாவின் மைல்ஸ் சிட்டிக்கு மேற்கே பசிபிக் கரை வரையிலான தன் பாதையைக் கைவிட்டது. அந்த ஆண்டு வந்த ஸ்டாகர்ஸ் சட்டம், நட்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை விட்டொழிப்பதை நிறுவனங்களுக்கு எளிதாக்கியது. ஐயோவா மாநிலத்தில் மட்டும் ஒரு காலத்தில் 10,000 மைலுக்கு மேல் பாதை இருந்தது. இப்போது 4,000 மைலுக்கும் குறைவு. கிளைப் பாதைகள் இன்றும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. இந்த வழிகாட்டி ஐயோவா போன்ற சோள நாட்டைக் கண்முன் வைத்து எழுதப்பட்டது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேலை செய்யும் முறை மாறாது.

படி 1: யாருக்காக மதிப்பிடுகிறீர்கள்?

ஒரே நிலத்துக்கு நான்கு பேர் நான்கு கேள்விகளோடு வருவார்கள். பாதையைக் கலைத்து விற்றால் என்ன தேறும் என்று ரயில் நிறுவனம் கேட்கும். பாதையை வாங்கித் தொடர்ந்து ரயில் ஓட்ட எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தானிய வியாபாரிகளோ சிறு ரயில் நிறுவனமோ கேட்கும். சைக்கிள் பாதையாக மாற்றினால் என்ன விலை என்று மாவட்ட நிர்வாகம் கேட்கும். தன் வயலை ஊடறுத்துச் செல்லும் பட்டையை அரசு நடைபாதைக்கு எடுத்துக்கொண்டதால் தனக்கு எவ்வளவு இழப்பு என்று விவசாயி கேட்பார்.

நான்கு விடைகளும் வேறு வேறு தொகைகள். நான்கும் சரியாக இருக்க முடியும். எந்த மதிப்பு, எந்த நாளில், எந்த நோக்கத்துக்கு என்ற மூன்றையும் ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஒருவருக்காக எழுதிய அறிக்கையை இன்னொருவர் வழக்கில் நீட்டும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

படி 2: கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ரயில் நிறுவனம் நினைத்த மாத்திரத்தில் பாதையைக் கைவிட முடியாது. சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டு என்கிற கூட்டாட்சி வாரியத்தின் அனுமதி வேண்டும். அதற்கு முன் ரயில்களைக் கவனித்துவந்த வர்த்தக ஆணையம் கலைக்கப்பட்டு 1996-இல் இந்த வாரியம் பொறுப்பேற்றது. மூன்று ஆண்டுகளுக்குள் கைவிட எண்ணும் பாதைகளை நிறுவனங்கள் தங்கள் பாதை வரைபடத்தில் முதல் வகையாகக் குறித்துக் காட்ட வேண்டும். அங்கிருந்தே உங்கள் தேடலைத் தொடங்கலாம்.

இரண்டு ஆண்டுகளாக உள்ளூர்ச் சரக்கு எதுவும் ஏறாத பாதை என்றால் நடைமுறை சுருக்கமானது. நிறுவனம் அறிவிப்புக் கொடுக்கும். அது அரசிதழில் வெளியாகி 30 நாளில் நடைமுறைக்கு வந்துவிடும். சரக்கு இன்னும் கொஞ்சம் ஓடுகிறது என்றால் விண்ணப்பம், எதிர்ப்பு மனு, பொருளாதாரக் கணக்கு என்று நீளும்.

இதற்கு நடுவில் இரண்டு குறுக்கீடுகள் வரலாம். ஒன்று, பாதையைக் காப்பாற்ற வருபவர் விலை பேசுவது. இரு தரப்புக்கும் விலை படியவில்லை என்றால், கேட்டுக்கொண்ட 30 நாளுக்குள் வாரியமே விலையை நிர்ணயிக்கும். அந்த விலை ரயில் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். வாங்க வந்தவரோ பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். வாங்கினால் இரண்டு ஆண்டுகளுக்குச் சேவையை நிறுத்தக் கூடாது. பழைய உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு விற்கவும் கூடாது. மதிப்பீட்டாளரை மிகவும் அவசரப்படுத்தும் கட்டம் இது. மூன்று வாரத்தில் பத்து மைல் நிலத்துக்கு ஆதாரத்தோடு விலை சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது குறுக்கீடு, நடைபாதைப் பேச்சு. 1983-இல் வந்த சட்டத் திருத்தம் ஒன்று, பாதையைக் கைவிட்டதாகக் கருதாமல் பிற்கால ரயிலுக்காகச் சேமித்து வைத்து, அதுவரை நடைபாதையாகப் பயன்படுத்த இடம் தந்தது. இதற்காக வாரியம் பேச்சுவார்த்தைக்கு ஒரு காலக்கெடு கொடுக்கும். முன்பு 180 நாளாக இருந்தது, இப்போது ஓராண்டு. அந்த உத்தரவு வெளியான தேதியைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் படியில் அது தேவைப்படும்.

படி 3: பத்திரக் கட்டைப் பிரியுங்கள்

மதிப்பின் பெரும்பகுதி வயலில் தீர்மானமாவதில்லை, பதிவு அலுவலகத்தில்தான் தீர்மானமாகிறது. அதனால் இந்தப் படிக்கு உங்கள் நேரத்தில் பாதியைக் கொடுத்தாலும் தகும்.

தமிழ்நாட்டுப் பழக்கத்தோடு பார்த்தால் இது விந்தையாகத் தோன்றும். இந்தியாவில் 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி எடுத்த நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் முழுமையாக அரசுக்குச் சேர்ந்துவிடும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிப் பாதை கடலோடு போயிற்று. தண்டவாளம் போய்விட்டதே என்பதற்காக நிலம் பழைய உடைமைக்காரர்களிடம் திரும்பிவிடவில்லை. அமெரிக்காவில் பாதை போட்டவை தனியார் நிறுவனங்கள். 1850-களிலிருந்து அவர்கள் ஒவ்வொரு விவசாயியிடமும் தனித்தனியாகப் பேசி, தனித்தனிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். ஒரு பண்ணையில் கிரயம், அடுத்த பண்ணையில் வெறும் வழிப் பாத்தியம் (நிலம் கைமாறாமல், பாதைக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும்), அதற்கடுத்ததில் நீதிமன்றத் தீர்ப்பு, எங்கோ ஓரிடத்தில் காகிதமே இல்லை. கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரியும் பாதை, காகிதத்தில் ஒட்டுப்போட்ட துணி.

இதற்கெல்லாம் ஓர் அருமையான திறவுகோல் இருக்கிறது. 1913-இல் வந்த சட்டத்தின்படி நாட்டின் எல்லா ரயில் சொத்துகளையும் வர்த்தக ஆணையம் கணக்கெடுத்தது. அதற்காக வரைந்த மதிப்பீட்டு வரைபடங்களில் ஒவ்வொரு நிலத் துண்டுக்கும் எண், கொடுத்தவர் பெயர், ஆவணத்தின் வகை, தேதி, பதிவு எண் எல்லாம் அட்டவணையாக இருக்கும். நிறுவனத்திடம் நகல் கிடைக்காவிட்டால் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். நூறாண்டுப் பழைய அந்தத் தாளில் பொறியாளர் ஒருவரின் நேர்த்தியான கையெழுத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆனால் அட்டவணை வெறும் வழிகாட்டி. "பத்திரம்" என்று அதில் போட்டிருந்தால் கிரயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்டப் பதிவு அலுவலகத்தில் மூலப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்.

படிக்கும்போது எதைத் தேடுவது?

கொடுக்கும் வாசகத்தில் என்ன கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். "இன்ன எல்லைக்குட்பட்ட நிலத்தை" என்று இருந்தால் முழு உரிமைப் பக்கம் சாயும். "ரயில் பாதைக்கான வழியை" என்று இருந்தால் பாத்தியத்தின் பக்கம் சாயும். "ரயில் நோக்கத்துக்கு மட்டும்", "பயன்படுத்தும் காலம் வரை" போன்ற சொற்கள் வந்தால் இன்னும் கவனம். கைமாறிய தொகையையும் பாருங்கள்: ஒரு டாலருக்குக் கொடுத்தாரா, அந்தக் கால நில விலையை வாங்கினாரா? வேலி போட்டுத் தர வேண்டும், மாடு கடக்க வழி விட வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கின்றனவா? இவை எதுவும் தனியாக முடிவைச் சொல்லாது. ஒரே வாசகத்தை ஒரு மாநில நீதிமன்றம் கிரயம் என்றும் இன்னொன்று பாத்தியம் என்றும் படிக்கும். நிலத்தை நீதிமன்றம் வழியாகக் கட்டாயமாக எடுத்திருந்தால் பல மாநிலங்களில் பாத்தியம் மட்டுமே கிடைத்ததாகக் கருதுவார்கள்.

மேற்கே போகப் போகக் கூட்டாட்சி அரசு கொடுத்த நிலங்கள் வரும். 1862-ஆம் ஆண்டுப் பசிபிக் ரயில் சட்டம் மையக் கோட்டுக்கு இருபுறமும் 200 அடி கொடுத்தது. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் இருபுறமும் 100 அடி. எண்ணைவிட உரிமையின் தன்மையில்தான் வேறுபாடு பெரிது. 1875-க்குப் பிறகு கொடுத்தது பாத்தியம் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1942-இல் கிரேட் நார்தர்ன் வழக்கில் சொன்னது. 2014-இல் வயோமிங் மாநிலத்து பிராண்ட் வழக்கில் அதையே எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுதி செய்தது: ரயில் போனதும் பாத்தியம் அற்றுப்போகும், நிலம் அரசிடம் திரும்பாது, அதன் உடைமைக்காரரிடமே நிற்கும்.

பாத்தியமாக இருந்தால் என்ன ஆகும்? பாதை சட்டப்படி கைவிடப்பட்ட நொடியில் ரயில் நிறுவனத்துக்கு அந்தத் துண்டில் விற்க ஒன்றும் இல்லை. ஐயோவா சட்டப்படி அது பக்கத்து நிலக்காரர்களுக்குப் போகும். இருபுறமும் வேறு வேறு ஆள் என்றால் ஆளுக்குப் பாதி, நடுக் கோடு வரை. ஆக, கலைத்து விற்கும் கணக்கில் அந்தத் துண்டின் நில மதிப்புப் பூஜ்யம்.

ஒரு வரம்பு. எந்தப் பத்திரம் எந்த உரிமை என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அல்ல. வழக்கறிஞரின் உரிமைக் கருத்தை எழுத்தில் வாங்கி, அதை நம்பியே மதிப்பிட்டதாக அறிக்கையில் சிறப்பு அனுமானமாகப் பதிவு செய்யுங்கள். ஆனால் நீங்களும் பத்திரத்தைப் படித்திருக்க வேண்டும். வழக்கறிஞர் விட்ட ஒரு துண்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் உங்கள் கட்டணம் அங்கேயே நியாயமாகிவிடும்.

படி 4: பரப்பை அளங்கள்

நூறு அடி என்பது சராசரிப் பேச்சு. உயர்ந்த மேட்டிலும் ஆழமான வெட்டுப் பள்ளத்திலும் அகலம் கூடும். பழைய நிலைய வளாகங்களில் இருநூறு, முந்நூறு அடி என்று விரியும். பத்திரத்தில் "மையக் கோட்டுக்கு இருபுறமும் ஐம்பது அடி" என்று இருந்து, பாதையை நடுவில் பத்து அடி தள்ளிப் போட்டிருப்பார்கள். துண்டு துண்டாக, வரைபட எண் வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள்: எங்கிருந்து எங்கு வரை, எந்த உரிமை, எத்தனை ஏக்கர், பக்கத்து நிலம் என்ன பயிர், பக்கத்து உடைமைக்காரர் யார். இந்தப் பட்டியல் இல்லாமல் மேலே எதுவும் செய்ய முடியாது.

படி 5: நடந்து பாருங்கள்

முழு நீளமும் நடங்கள். ரயில் நிறுவனத்தின் எழுத்து அனுமதியோடு நடங்கள். துருப்பிடித்த பாதையும் அனுமதி கிடைக்கும் வரை ஓடும் பாதைதான்.

வான்படத்தில் தெரியாதவை காலில் தட்டுப்படும். பக்கத்து விவசாயி ஜல்லியின் விளிம்பு வரை உழுதிருப்பார். ரயில் மேடு ஐம்பது ஆண்டுகளாக ஒரு கரையைப் போல நின்று மழைநீரைத் தடுத்து, ஒரு பக்கத்து வயலைச் சதுப்பாக்கியிருக்கும். அதன் அடியில் வயல் வடிகால் குழாய்கள் போகும். மேட்டை எடுத்தால் ஒருவருக்கு லாபம், கீழ்ப்புறத்தவருக்கு வெள்ளம். மதகுகள் எத்தனை, மரப் பாலமா இரும்புப் பாலமா, தண்டவாளத்துக்கு அடியில் போடும் மரக் கட்டைகளை எங்கே குவித்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். களையை அழிக்க அந்தக் காலத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து அடித்தார்கள்; கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கிறது; சில இடங்களில் ஜல்லிக்குப் பதில் நிலக்கரிச் சாம்பலே கொட்டப்பட்டிருக்கும். மண் சோதனை உங்கள் துறை அல்ல. ஆனால் பழைய எண்ணெய்த் தொட்டியின் தடம் கண்ணில் பட்டால் எழுதாமல் விடுவது குற்றம்.

ஊருக்குள் வந்ததும் நின்று நிதானியுங்கள். தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் உயரமான கிடங்கு பெரும்பாலும் ரயில் நிறுவனத்தின் இடத்தில், குறுகிய முன்னறிவிப்பில் ரத்து செய்யக்கூடிய குத்தகையில் நிற்கும். கிடங்கைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. இடத்தை வாங்க அவர்களைவிட ஆர்வமான ஆள் கிடையாது. மொத்தப் பாதையின் நில மதிப்பில் கவனிக்கத்தக்க பங்கு சில சமயம் இந்த மூன்று நான்கு ஏக்கரில் அடங்கிவிடும்.

படி 6: வேலிக்கு அப்பால் என்ன விலை?

நூறு அடி அகலமும் பத்து மைல் நீளமும் உள்ள நிலத்துக்குச் சந்தையில் நேரடி ஒப்பு விற்பனை அரிது. அதனால் வழக்கத்தில் உள்ள முறை, வேலியைத் தாண்டிப் பார்ப்பது. பாதை ஒட்டிச் செல்லும் நிலம் என்ன விலைக்குப் போகிறதோ, அதைப் பாதையின் அந்தப் பகுதிக்கு அடிப்படையாக எடுப்பது. சோள வயலை ஒட்டிய பகுதிக்குச் சோள வயல் விலை, மேய்ச்சலை ஒட்டியதற்கு மேய்ச்சல் விலை, ஊர் மனையை ஒட்டியதற்கு மனை விலை.

ஐயோவாவில் இதற்குத் தரவு வளம் உண்டு. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நில விலைக் கணிப்பு வெளியிடுகிறது: மாநிலச் சராசரி 2023-இல் ஏக்கருக்கு 11,835 டாலர், 2024-இல் 11,467. சராசரியை அப்படியே எடுத்துப் போட்டால் அது சோம்பேறித்தனம். மண்ணின் விளைதிறனை 5 முதல் 100 வரை மதிப்பெண்ணாகச் சொல்லும் மண் குறியீடு ஒன்று அங்கே விவசாயிகள் நாவிலேயே இருக்கிறது. அந்த மாவட்டத்தில் கடந்த ஓரிரு ஆண்டுகளில் நடந்த விற்பனைகளை எடுத்து, ஏக்கர் விலையை மதிப்பெண்ணால் வகுத்து, ஒரு மதிப்பெண்ணுக்கு எத்தனை டாலர் என்று பாருங்கள். பிறகு பாதையை ஒட்டிய ஒவ்வொரு வயலுக்கும் அதைப் பொருத்துங்கள்.

சிலர் இங்கே ஒரு பெருக்கல் காரணியைச் சேர்ப்பார்கள். இடைவெளி இல்லாத நீளப் பட்டைக்குக் குழாய், கண்ணாடி இழை கேபிள் போன்றவற்றுக்காகத் தனி மவுசு உண்டு, ஆகவே வேலிக்கு அப்பால் விலையைவிடக் கூடுதல் என்பது வாதம். நகரங்களை இணைக்கும் தாழ்வாரத்துக்கு அது பொருந்தும். இரண்டு தானியக் கிடங்குகளை இணைக்கும் கிளைப் பாதைக்கு, வாங்க வரும் ஆளைக் காட்ட முடியாவிட்டால், நான் ஒரு டாலர்கூடச் சேர்க்கமாட்டேன். அதோடு நடுவில் ஒரு மைல் வெறும் பாத்தியம் என்றால் இடைவெளி இல்லாத பட்டை என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது.

படி 7: கழிக்க வேண்டியவற்றைக் கழியுங்கள்

வேலிக்கு அப்பால் இருப்பது உழுத நிலம்; வேலிக்கு இப்பால் ஜல்லி மேடு. அதை வாங்கும் விவசாயி மேட்டைச் சமன்படுத்தி, மேல் மண் கொண்டு வந்து போட்டு, மதகை அடைக்க வேண்டும். அவர் ஒருவர்தான் வாங்கக்கூடியவர் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கீழ்க்கண்டவை கழியும்: நிலத்தைத் திருத்தும் செலவு, விற்பனைச் செலவுகள், விற்று முடிக்க ஆகும் காலம். நிலத்தைத் துண்டு துண்டாக நாற்பது பேருக்கு விற்க மூன்று ஆண்டு ஆகலாம். மூன்றாம் ஆண்டில் வரும் டாலர் இன்றைய டாலருக்குச் சமம் அல்ல.

கைக்கணக்கு ஒன்று பார்ப்போம். விலைகள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. பத்து மைல், நூறு அடி, மொத்தம் 121.2 ஏக்கர். பத்திரங்களைப் படித்ததில் 6.5 மைல் மட்டும் முழு உரிமை, அது 78.8 ஏக்கர். மீதி 3.5 மைல் பாத்தியம், பூஜ்யம்.

அந்த 78.8 ஏக்கரில் வயலை ஒட்டியது 66.7 ஏக்கர், 9,000 டாலர் வீதம் 6,00,300. ஓடைக்கரை மேய்ச்சல் 8.5 ஏக்கர், 4,000 வீதம் 34,000. ஊர்ப் பகுதி 3.6 ஏக்கர், 20,000 வீதம் 72,000. கூட்டினால் 7,06,300 டாலர்.

வயல் பகுதியைத் திருத்த ஏக்கருக்கு 2,000 என்று 1,33,400 கழித்தால் 5,72,900. விற்பனைச் செலவு எட்டு விழுக்காடு, 45,832, மீதி 5,27,068. மூன்று ஆண்டுகளில் ஆண்டு முடிவில் சம பங்காக விற்று, ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கழிவு வைத்தால் 0.829-ஆல் பெருக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 4,37,000 டாலர்.

முதல் நாள் கணக்கு என்ன? 121.2 ஏக்கரை 9,000-ஆல் பெருக்கினால் 10,90,800. பத்திரமும் ஜல்லியும் நேரமும் சேர்ந்து ஆறரை லட்சத்தை விழுங்கிவிட்டன.

கழிவுகளை மனதில் தோன்றியபடி போடக் கூடாது. அதே வட்டாரத்தில் முன்பு கைவிடப்பட்ட பாதைகளின் துண்டுகளைப் பக்கத்து விவசாயிகள் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று பதிவு அலுவலகத்தில் தேடிப் பிடியுங்கள். அந்த விலைக்கும் அன்றைய வயல் விலைக்கும் உள்ள விகிதம் ஒன்று கிடைத்தால், பத்துப் பக்கம் நியாயப்படுத்தி எழுதுவதை அது மிச்சப்படுத்தும். ஆனால் அப்படிப்பட்ட விகிதம் மண் திருத்தும் செலவை ஏற்கெனவே உள்ளடக்கியிருக்கும். அதைப் போட்டுவிட்டுத் திருத்தும் செலவையும் தனியாகக் கழித்தால் ஒரே கடனை இரண்டு முறை வசூலித்ததாகிவிடும்.

படி 8: மேலே கிடக்கும் இரும்பு

வாரியம் நிர்ணயிக்கும் விலையில் நிலத்தோடு தண்டவாளமும் சேரும். கலைப்பு நிகர மதிப்பு என்பது இரண்டும் சேர்ந்தது. இந்தக் கணக்குமுறை 1981-இல் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் நிறுவனத்தின் ஒரு கிளைப் பாதை வழக்கில் நிலைபெற்றது. பாதை லாபத்தில் ஓடினால் ஓடும் தொழிலின் மதிப்பையும் பார்த்து இரண்டில் அதிகமானதை எடுக்க வேண்டும். கைவிடும் நிலைக்கு வந்த பாதையில் அது எங்கே இருக்கப் போகிறது!

தண்டவாளத்தின் பக்கவாட்டில் எடை, ஆலை, உருட்டிய ஆண்டு எல்லாம் புடைப்பெழுத்தில் இருக்கும். மாதத்தை வரிசையான சிறு கோடுகளாகப் போட்டிருப்பார்கள். கெஜத்துக்கு 90 பவுண்டு தண்டவாளம் என்றால் மைலுக்கு இரு பக்கமும் சேர்த்து 158.4 டன், 115 பவுண்டு என்றால் 202.4 டன். இங்கே டன் என்பது அமெரிக்க வழக்கப்படி 2,000 பவுண்டு. தேயாத கனத் தண்டவாளத்தை வேறு பாதையில் மறுபடி போடலாம். தேய்ந்ததை உருட்டாலை வாங்கும். மீதி பழைய இரும்பு. மூன்றுக்கும் மூன்று விலை. மரக் கட்டைகள் மைலுக்கு மூவாயிரத்துக்கு மேல் கிடக்கும். நல்லவை தோட்ட வேலிக்குப் போகும், உளுத்தவற்றை அப்புறப்படுத்தச் செலவுதான் மிஞ்சும். பாலங்களைப் பிரிக்கும் கூலி சில பாதைகளில் இரும்பு வருமானத்தின் ஒரு பகுதியைச் சாப்பிட்டுவிடும். இந்தப் பகுதியைப் பழைய தண்டவாளம் வாங்குபவரிடம் எழுத்து விலை வாங்கி முடித்துக்கொள்ளுங்கள். நில மதிப்பீட்டாளர் இரும்பு வியாபாரியாக வேடம் போட வேண்டாம்.

படி 9: பாதை நடைபாதையானால்

இங்கே கேள்வியே தலைகீழாகிறது. ரயில் போனதும் தன் நிலம் தனக்கு வரும் என்று காத்திருந்த விவசாயியிடம், பாதை கைவிடப்படவில்லை, சேமிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் ஷாம்ப்ளேன் ஏரிக்கரை நிலத்தைப் பற்றிய பிரிசோ வழக்கில், சட்டம் செல்லும், இழப்பீடு கேட்க வழி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொன்னது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றே தீர்ப்பளித்தது. அதிலிருந்து வழக்குகள் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக் கோரல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. கெடு ஆறு ஆண்டு. கடிகாரம் ஓடத் தொடங்குவது பாதையில் முதல் சைக்கிள் ஓடிய நாளில் அல்ல. இரண்டாம் படியில் குறித்துக்கொள்ளச் சொன்ன அந்தப் பேச்சுவார்த்தை உத்தரவின் நாளில்.

மதிப்பீடு "முன்–பின்" முறையில் நடக்கும். முன் நிலையில் பண்ணை முழுவதும் எந்தப் பாத்தியமும் இல்லாதது. பின் நிலையில் அதே பண்ணை, நடுவே பொதுமக்கள் நடக்கும் பாதையோடும் எப்போது வேண்டுமானாலும் ரயில் திரும்பலாம் என்ற சுமையோடும். பலர் பட்டையின் பரப்பை ஏக்கர் விலையால் பெருக்கிவிட்டு நிறுத்துகிறார்கள். மீதி நிலத்துக்கு வரும் சேதம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம்: வயல் இரண்டாகக் கிடப்பதால் பெரிய நடவு இயந்திரம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பது, வட்டமாகச் சுழலும் பாசனக் குழாய் அமைக்க முடியாமை, வீட்டுக் கொல்லைப்புறத்தில் அந்நியர் நடமாட்டம். எதிர்த்தரப்பு, நடைபாதையை ஒட்டிய மனைகளுக்கு விலை ஏறும் என்று வாதிடும். புறநகரில் அது உண்மையாகலாம். சோள வயலுக்கு நடுவே சைக்கிள் ஓடுவதால் சோளத்தின் விலை ஏறாது.

ஒரு நுட்பம்: முன் நிலை என்பது உண்மையில் இல்லாத நிலை. அதைக் கற்பனை நிபந்தனை என்று அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் படியில் சொன்ன சிறப்பு அனுமானம் வேறு. அது உண்மையாகவும் இருக்கலாம், தெரியாது என்பதால் அனுமானம். இரண்டையும் குழப்பிய அறிக்கையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியிலேயே கிழித்துவிடுவார்.

படி 10: அறிக்கை

நிலத் துண்டுப் பட்டியலை முன்னால் வையுங்கள், மொத்தத் தொகையைப் பின்னால். எந்தத் துண்டின் உரிமை பற்றிச் சந்தேகம் இருக்கிறதோ அதற்கு இரண்டு தொகை கொடுங்கள்: கிரயமானால் இவ்வளவு, பாத்தியமானால் இவ்வளவு. பிறகு நீதிமன்றமோ வாரியமோ ஒரு துண்டின் உரிமையை மாற்றிப் படித்தால் முழு அறிக்கையும் சரியாமல் அந்த வரி மட்டும் மாறும்.

கைவிடும் அனுமதி கிடைத்தது வேறு, கைவிட்டது வேறு. அனுமதி பெற்ற நிறுவனம் ஓராண்டுக்குள் கைவிட்டுவிட்டதாக வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதியே காலாவதியாகி, பாதை சட்டத்தின் கண்ணில் மீண்டும் ஓடும் பாதையாகிவிடும். பக்கத்து வயல்காரர்கள் தங்களுக்கு வந்துவிட்டதாக நம்பி உழத் தொடங்கிய நிலம்கூட அப்போது ரயில் பாதைதான். ஆகவே கையெழுத்திடும் நாள் காலையில் வாரியத்தின் இணையதளத்துக்குப் போய், "ஏபி" என்று தொடங்கும் அந்தக் கோப்பு எண்ணை இன்னொரு முறை தேடிப் பாருங்கள். நேற்று மாலை ஒரு கடிதம் சேர்ந்திருக்கலாம்.